கோஹிமா, இம்பால் போர்க்களங்களுக்குப் போகிறீர்களா? அனுமதி, பாதை, செலவு: ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின் பர்மா முனை திசை திரும்பிய இடத்தைப் பார்க்க, இந்தியக் குடிமக்களுக்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஆனால் நாகாலாந்து, மணிப்பூர் இரண்டு மாநிலங்களின் அனுமதிச் சீட்டும் வேண்டும், மலைப்பாதையைத் தாங்குகிற உடம்பு வேண்டும், நாள் கணக்கில் கொஞ்சம் தாராளமும் வேண்டும். இணையத்தில் தேடினால் பழைய தகவலும் புதிய தகவலும் கலந்து கிடக்கின்றன. பாதி பேர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரிய தொகை கேட்கும் முகவர்களும் உண்டு. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதிவிடுகிறேன், நீங்கள் அலைய வேண்டாம்.

1. போவதற்கு முன் ஒரு வரைபடத்தை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்

போரின் முழு வரலாற்றையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று பெயர்களை எழுதுங்கள்: மேலே திமாப்பூர், நடுவில் கோஹிமா, கீழே இம்பால். மூன்றையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடுதான் சாலை. 1944-இல் இம்பாலுக்கு வெளியிலிருந்து வரும் முக்கியமான தரைவழி அது ஒன்றுதான். திமாப்பூரில் ரயில் நிலையமும் மிகப் பெரிய ராணுவக் கிடங்கும் இருந்தன. அங்கிருந்து ரயில் பாதை வடகிழக்கே மேல் அசாமுக்குப் போகிறது. சீனாவுக்குச் சரக்கு ஏற்றிப் பறந்த விமானங்களின் தளங்களும், லேடோவிலிருந்து போட்டுக்கொண்டிருந்த சாலையும் அந்தப் பாதையை நம்பித்தான் இருந்தன.

இப்போது ஜப்பானின் பக்கம். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதகுச்சியின் 15-ஆவது படை மூன்று டிவிஷன்களோடு பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. அவர்கள் கொண்டுவந்த உணவு ஏறத்தாழ மூன்று வாரத்துக்குத்தான் வரும். மிச்சத்தை இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அவருக்குக் கீழிருந்த தளபதி சாட்டோவின் 31-ஆவது டிவிஷன் கோஹிமாவில் சாலையை அறுக்க வேண்டும், மற்ற இரண்டும் இம்பாலைப் பிடிக்க வேண்டும். ஏப்ரல் 4-ஆம் தேதி கோஹிமாவில் சண்டை தொடங்கியது. ஜூன் 22-ஆம் தேதி வடக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையும் இம்பாலிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையும் 109-ஆம் மைல்கல்லில் சந்தித்தன. சாலை திறந்தது.

இந்த அளவு தெரிந்தால் போதும். கோஹிமா குன்றைப் பிடித்தவனுக்கு அந்தக் குன்றால் ஒரு லாபமும் கிடையாது. அதன் காலடியில் போகும் சாலைதான் விஷயம். இந்தப் பயணத்தில் எங்கே நின்றாலும், "இங்கே நின்றவனுக்குச் சோறு எந்த வழியாக வந்தது?" என்று கேளுங்கள். பதில் அநேகமாகக் கண்முன்னே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "கிழக்கின் ஸ்டாலின்கிராட்" என்ற பட்டத்தை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாலின்கிராட்டில் மோதிய ஜெர்மன், சோவியத் படைகளின் அளவு வேறு. பசிபிக்கில் ஜப்பான் 1942 ஜூனில் மிட்வே சண்டையிலேயே நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்துவிட்டது. கோஹிமா சண்டை முடியும் அதே ஜூன் மாதத்தில் சைபான் தீவில் அமெரிக்கப் படை இறங்கிவிட்டது. ஆகவே ஜப்பானின் தோல்வியை கோஹிமா மட்டும் முடிவு செய்யவில்லை. அது முடிவு செய்தது பர்மாவை. உள்ளே வந்த ஏறத்தாழ 85,000 பேரில் 50,000 பேருக்கு மேல் இறந்தோ, காயம்பட்டோ, நோயில் விழுந்தோ போனார்கள். செத்தவர்களில் பெரும்பகுதி பசியாலும் நோயாலும் செத்தவர்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் 14-ஆவது படை மண்டலேக்கும் ரங்கூனுக்கும் போனபோது எதிரே நிற்க ஜப்பானிடம் போதிய படை இல்லை.

2. மாதம்: சண்டை நடந்த மழை மாதங்களில் போக ஆசைப்படாதீர்கள்

சண்டை தொடங்கிய ஏப்ரலில் போகலாம். மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வேண்டாம். திமாப்பூர்–கோஹிமா சாலையில் மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிவது வழக்கம். 2023 ஜூலையில் பாறை உருண்டு கார்கள் நசுங்கியதும் இந்தச் சாலையில்தான். ஜப்பானியப் படை பின்வாங்கியதும் இதே மழையில்தான். அந்தப் பாதைகளில் மனிதர்கள் ஏன் அவ்வளவு பேர் விழுந்தார்கள் என்று புரிய மழையில் போக வேண்டியதில்லை, ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பெய்தாலே புரிந்துவிடும்.

அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை நல்ல காலம். அதில் ஒரு பொறி உண்டு: டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமாவுக்கு அருகே கிசாமாவில் ஹார்ன்பில் திருவிழா. அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும், வண்டியும் சுலபத்தில் கிடைக்காது. திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி. போர்க்களத்துக்காக என்றால் நவம்பரோ பிப்ரவரியோ பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர்க் கடிகாரத்தை அங்கே கொண்டு போகாதீர்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், கடைகளும் சீக்கிரம் சாத்தப்படும். நாளை விடியற்காலையிலேயே தொடங்குங்கள்.

3. அனுமதிச் சீட்டு: இரண்டு மாநிலம், இரண்டு சீட்டு

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாகாலாந்துக்குள் நுழைய, அந்த மாநிலத்தைச் சேராத இந்தியர் எல்லோருக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். பேச்சில் ஐ.எல்.பி. "திமாப்பூருக்கு மட்டும் தேவையில்லை" என்று பழைய பயணக் கட்டுரைகளில் எழுதியிருக்கும். அந்த விலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது. ரயிலில் உட்கார்ந்தபடியே கடந்து போனால் வேண்டாம், இறங்கினால் வேண்டும்.

மணிப்பூரிலும் 2020 ஜனவரி 1 முதல் இதே முறைதான். "மணிப்பூருக்கு அனுமதியே கிடையாது, சும்மா போகலாம்" என்று எழுதியிருந்தால் அது அதற்கு முந்தைய கட்டுரை. நாகாலாந்து சீட்டு மணிப்பூரில் செல்லாது. சாலை வழியாகப் போனால் எல்லையில் மாவோ என்ற ஊரில் சோதனை இருக்கும்.

இரண்டுக்கும் அந்தந்த மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

- ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றின் தெளிவான ஸ்கேன்
- பாஸ்போர்ட் அளவுப் படம் (கோப்பின் அளவுக்கு வரம்பு உண்டு, முன்பே சுருக்கி வையுங்கள்)
- தங்கப்போகும் விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண்
- போகும் தேதியும் திரும்பும் தேதியும்

திரும்பும் தேதிக்கு ஓரிரு நாள் கூடுதலாகவே கேளுங்கள். பந்த் அறிவித்தால் நீங்கள் நினைத்த நாளில் கிளம்ப முடியாது, அப்போது காலாவதியான சீட்டோடு நிற்கக் கூடாது. அரசுக் கட்டணம் சிறியதுதான். ஒரு முகவர் என்னிடம் அதைப்போலப் பல மடங்கு கேட்டார், கேட்டதற்குச் "சேவைக் கட்டணம்" என்றார். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு. இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள், மலைப்பாதையில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிட்டால் நிம்மதி.

இலங்கை, மலேசியா, கனடா என்று வெளிநாட்டுக் குடியுரிமையோடு வரும் தமிழர்களுக்கு விதி வேறு. 2024 டிசம்பரில் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மூன்றிலும் வெளிநாட்டவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி மறுபடி கட்டாயமாக்கப்பட்டது. ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் இது பொருந்தும். இதற்கு நாள் பிடிக்கும். விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதை முடியுங்கள்.

4. குடும்பத்தில் யாராவது அங்கே போனார்களா? பெயரை முன்பே தேடுங்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் "தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்" என்ற பேச்சு உள்ள வீடுகள் நிறைய. அப்படி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தேடுங்கள். அங்கே போய்க் கல் கல்லாகத் தேடுவது வீண்.

போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடலாம், இலவசம். இனிஷியலைப் போடாதீர்கள். நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், ஆகவே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். படைப்பிரிவு தெரிந்தால் அதை வைத்துச் சுருக்குங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை), மெட்ராஸ் ரெஜிமென்ட் மட்டும் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். சரக்குப் போக்குவரத்து, மருத்துவம், பயனியர் (சாலை, கட்டுமான வேலை) பிரிவுகளிலும் தென்னிந்தியர் நிறையப் பேர் இருந்தார்கள். சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். அது கிடைத்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். இந்து, சீக்கிய வீரர்களை எரித்தார்கள், அதனால் அவர்களுக்குக் கல்லறை கிடையாது. பெயர் மட்டும் நினைவுச் சின்னத்தில் இருக்கும். கோஹிமாவில் அது தோட்டத்தின் உச்சியில் தனியாக நிற்கிறது, 917 பேரின் பெயர்களோடு. கீழ்ப் படிகளிலேயே தேடிவிட்டு "நம்மவர் யாரும் இல்லை" என்று திரும்பாதீர்கள். உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் மியான்மரில் தாக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. தேடல் முடிவில் எந்த இடம் என்று தெளிவாகப் போட்டிருக்கும், அதைப் பார்த்த பிறகு பாதையைத் திட்டமிடுங்கள்.

உயிரோடு திரும்பியவர் என்றால் அந்தத் தளத்தில் இருக்கமாட்டார். அவருடைய படைப்பிரிவின் ஆவணப் பிரிவுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் பெங்களூரில், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் குன்னூர் அருகே வெலிங்டனில். படை எண் இல்லாமல் எழுதினால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய டிரங்குப் பெட்டியில் பதக்கமோ, ஓய்வூதியப் புத்தகமோ இருக்கிறதா பாருங்கள், எண் அதில் இருக்கும்.

மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த தாத்தாவா? அவரும் இதே மலைகளுக்கு எதிர்ப்பக்கமாக வந்திருக்கலாம். அந்தப் பெயர்கள் கல்லறை ஆணையப் பட்டியலில் வராது. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளைத் தேடிப் பாருங்கள்.

5. திமாப்பூரில் தொடங்குங்கள், இம்பாலில் அல்ல

நேராக இம்பாலுக்குப் பறந்துவிடுவது சுலபம். ஆனால் சாலைதான் விஷயம் என்றேனே, அந்தச் சாலையில் போகாமல் இந்தப் போர் புரியாது.

கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ், கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாகப் போய்த் திமாப்பூரில் நிற்கும். கோவையிலிருந்து இரண்டரை நாள் போல ஆகும். செலவு குறைவு, பொறுமை நிறைய வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். அவ்வளவு நேரம் ரயிலில் இருக்க முடியாதவர்கள் கொல்கத்தா வரை பறந்து அங்கிருந்து திமாப்பூருக்கு விமானம் மாறலாம். நான் பரிந்துரைப்பது குவாஹாட்டி வரை விமானம், அங்கிருந்து ரயில். நான்கைந்து மணி நேரம், பிரம்மபுத்திரா சமவெளி மெதுவாக மலையடிவாரமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

திமாப்பூரிலிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர். ரயில் நிலையத்துக்கு வெளியே பகிர்வு டாக்சிகள் நிற்கும், ஆளுக்குச் சில நூறு ரூபாய், ஆள் நிரம்பியதும் கிளம்பும். முழு வண்டியும் பேசினால் பல மடங்கு ஆகும். ஆனால் வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் வழி. நிறுத்தங்களை முன்பே சொல்லி, காத்திருப்புக் கட்டணம் உட்பட விலை பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். நடுவழியில் பேசினால் தகராறு.

கோஹிமாவுக்குச் சற்று முன் ஜோத்சோமாவில் கட்டாயம் நிறுத்துங்கள். 161-ஆவது இந்தியப் படையணி இங்கேதான் சிக்கியிருந்தது. அந்த முகட்டிலிருந்து பார்த்தால் கோஹிமா குன்று நேரெதிரே தெரியும். உள்ளே போக வழியில்லாதபோதும், இங்கிருந்த மலைப் பீரங்கிகள்தான் குன்றில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், இந்திய வீரர்களைச் சுற்றிக் குண்டு போட்டுக் காப்பாற்றின.

6. கோஹிமாவில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள்

ஞாயிறன்று ஊரே தேவாலயத்தில். கடை, டாக்சி, உணவகம் பெரும்பாலும் இருக்காது. சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து, "நாளை முழுக்கச் சுற்றிவிட்டுத் திங்கள் கிளம்பலாம்" என்று திட்டமிட்டால் ஒரு நாள் போச்சு.

போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலையிலேயே போங்கள். அது தோட்டமாக்கப்பட்ட போர்க்களம், வேறெங்கோ இருந்து உடல்களைக் கொண்டுவந்து வைத்த இடம் மட்டுமல்ல. படிப்படியாக ஏறும் அந்தச் சரிவுகளில்தான் சண்டை நடந்தது. மேல்படிகளில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக் கோடுகளை வெள்ளையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு படை, மறு பக்கம் மறு படை, நடுவில் அந்த மைதானம். கையெறிகுண்டு வீசும் தூரம்தான்.

அங்கே நின்று கல்வெட்டைப் படம் எடுப்பதற்கு முன் திரும்பிக் கீழே பாருங்கள். குன்றைச் சுற்றி வளைந்து போகும் சாலையும் அதில் ஊரும் லாரிகளும் தெரியும். சாட்டோ ஏன் இங்கே இரண்டு மாதம் மோதினார், ஏன் இதைச் சுற்றிக்கொண்டு திமாப்பூருக்குப் போய்விடவில்லை என்ற கேள்வியும் அங்கேதான் வர வேண்டும். போக வேண்டும் என்று முதகுச்சி விரும்பினார். மேலதிகாரி கவாபே அனுமதிக்கவில்லை. மே மாத முடிவில் சோறும் இல்லை, குண்டும் இல்லை என்று சொல்லி, உத்தரவை மீறி சாட்டோ பின்வாங்கத் தொடங்கினார். தோட்டத்தில் 1,400-க்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே இறங்கினால் நேரம் போவதே தெரியாது, அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் கிசாமா, 12 கிலோமீட்டர். இங்கே இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்துக் கிராமங்களுக்குப் போவதானால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், விடுதியில் கேட்டாலே ஏற்பாடு செய்வார்கள். பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் அது இரண்டு பேரரசுகளின் சண்டை. நாகர்களுக்கோ சொந்த வீடும் நெற்களஞ்சியமும் எரிந்த ஆண்டு. சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பக்கம் கல்வெட்டுகளில் குறைவாகவே இருக்கிறது, ஆளைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். வீடுகளில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

7. இம்பால்: போகலாமா என்பதை அந்த வாரத்தில்தான் முடிவு செய்ய முடியும்

2023 மே மாதம் இனக் கலவரம் வெடித்த பிறகு மணிப்பூரில் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. கோஹிமாவிலிருந்து இம்பாலுக்குச் சாலையில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அது சேனாபதி, காங்போக்பி மாவட்டங்களைக் கடந்து போகிறது. ஓட்டுநர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து அவர் எதுவரை வருவார் என்பதும் மாறும். கோஹிமாவில் இரண்டு மூன்று ஓட்டுநர்களிடமும் விடுதியிலும் கேளுங்கள். யாராவது தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். திமாப்பூருக்குத் திரும்பி, கொல்கத்தா அல்லது குவாஹாட்டி வழியாக இம்பாலுக்குப் பறந்துவிடலாம். செலவு கூடும், ஆனால் அதுவே சரி. சுராசாந்த்பூர், மோரே பக்கம் இப்போதைக்குத் திட்டத்தில் வேண்டாம். மோரேயில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் அவர்கள் கட்டிய கோயிலும் இருப்பதால் ஆசை வரும், எனக்கும் வந்தது.

விமானத்தில் போனால் ஒரு ஆறுதல் உண்டு. நீங்கள் இறங்கும் துலிஹால், போர்க்காலத்து விமானத் தளங்களில் ஒன்று. சாலை அறுந்திருந்த மூன்று மாதம் இம்பாலுக்கு அரிசி, குண்டு, பெட்ரோல், மருந்து எல்லாம் வானத்தில் வந்தது. வந்த விமானங்கள் காயம்பட்டவர்களையும் சண்டையிடாத ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு போயின. ஜப்பானின் கணக்கு தப்பிய இடம் இதுதான்: சுற்றி வளைத்துவிட்டால் எதிரி பின்வாங்குவான், கிடங்கு கிடைக்கும் என்று நினைத்தார்கள். 1942-இல் பர்மாவில் அப்படித்தான் நடந்தது. இந்த முறை நடக்கவில்லை.

சமவெளியில் பார்க்க வேண்டியவை: நகருக்குள் இரண்டு போர்க் கல்லறைத் தோட்டங்கள், தெற்கே திடிம் சாலையில் ஜப்பானியர் நினைவிடமும் அமைதி அருங்காட்சியகமும் இருக்கும் செங்குன்று, அதே பக்கம் 45 கிலோமீட்டரில் மொய்ராங்கில் ஐ.என்.ஏ. நினைவகம். 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி ஐ.என்.ஏ. கொடி ஏற்றப்பட்ட ஊர் அது. நேரம் இருந்தால் நுங்ஷிகும் மலையையும் அடிவாரத்திலிருந்து பாருங்கள். அவ்வளவு செங்குத்தில் டாங்கிகள் ஏறின என்றால் நேரில் பார்த்தாலும் நம்பச் சிரமம். செங்குன்றையும் மொய்ராங்கையும் ஒரே நாளில் ஒரே வண்டியில் முடிக்கலாம்.

8. பணமும் திரும்பும் டிக்கெட்டும்

பெரிய செலவு விமானம், அடுத்தது தனி வண்டி. தங்குவதும் சாப்பாடும் அவ்வளவு ஆகாது, வீட்டுத் தங்கல்கள் விடுதிகளைவிட மேல். கையில் ரொக்கம் வையுங்கள். திமாப்பூரிலேயே எடுத்துவிடுவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோறும் பருப்பும் கீரையும் கிடைக்கும், வேறு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நாகாலாந்தில் மதுவிலக்குச் சட்டம் உண்டு, பெட்டியில் பாட்டிலோடு போகாதீர்கள்.

திமாப்பூர், கோஹிமா, இம்பால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வாரம் வேண்டும், கோஹிமா மட்டும் என்றால் நான்கு நாள் போதும். மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் திமாப்பூரிலோ இம்பாலிலோ விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஒரு இரவு விடுங்கள். தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட் இந்தப் பக்கத்துக்கு ஒத்துவராது. ஒரு பந்த் வந்தால் மிச்சம் பிடித்த பணத்தைப்போல இரண்டு பங்கு போய்விடும்.